ஃபைலில் உள்ள எழுத்துகள் என்ன சொல்கின்றன? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

புற்றுநோய்ச் சிகிச்சைக் கோப்புகளில் மருத்துவர்கள் எழுதும் சுருக்கங்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் எட்டினைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். காவிரிப் படுகையில் நெடுங்காலம் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார். நோயாளிகளின் நலன் கருதி, கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் தாயாருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். கோப்பில் ‘சி.ஏ. செர்விக்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் ‘11 பி’ என்றும், அதன் கீழே ‘சி.டி.ஆர்.டி., 50 ஜி.ஒய்./25#’ என்றும் எழுதியிருக்கிறது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் தம்பி ‘#’ என்றால் எலும்பு முறிவு என்கிறான். அம்மா கீழே விழவே இல்லை. பதினோராவது நிலை என்று ஒன்று இருக்கிறதா? கேட்பதற்குத் தயக்கமாக இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.
– வாசகி, வலங்கைமான்

பதில்: உங்கள் தம்பி சொன்னதில் பிழை இல்லை, அம்மா, இடம்தான் மாறிவிட்டது. எலும்பு மருத்துவர் அந்தக் குறியைப் போட்டால் அது எலும்பு முறிவு. கதிர்வீச்சு மருத்துவர், கதிரின் அளவை எழுதி அதை ஒட்டி ஓர் எண்ணுடன் போட்டால் அது தவணை. சிகிச்சைக்குத் தேவையான கதிர் முழுவதையும் ஒரே நாளில் கொடுத்தால் நோயற்ற பகுதிகள் தாங்கமாட்டா என்பதால், அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து நாள்தோறும் ஒரு பங்காகக் கொடுக்கிறோம். அந்தப் பங்கைத்தான் ‘#’ குறிக்கிறது. ‘ஜி.ஒய்.’ என்பது கிரே என்னும் அலகின் சுருக்கம். உடல் எவ்வளவு கதிரை உள்வாங்குகிறது என்பதை அளக்கும் இந்த அலகுக்கு, லூயிஸ் ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயரை 1975இல் சூட்டினார்கள். அதற்கு முன் ‘ராட்’ என்ற அலகு புழக்கத்தில் இருந்தது. ஒரு கிரே நூறு ராடுக்குச் சமம். ஆகவே ஒரு வீட்டில் பாட்டியின் பழைய கோப்பில் 5000 என்றும் அம்மாவின் கோப்பில் 50 என்றும் இருந்தால், அதைப் பார்த்து, யாருக்கோ தவறான அளவு கொடுக்கப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை.

உங்கள் தாயாருக்கு மொத்தம் 50 கிரே, 25 தவணைகளில், நாளொன்றுக்கு 2 கிரே வீதம் கொடுக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள் சிகிச்சை நடக்கும் என்பதால் இதற்கு ஐந்து வாரம் ஆகும். நம் பக்கத்தில் ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்று சொல்வது இதைத்தான். இதில் உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை, ஷாக் அடிக்காது, வைக்கும்போது வலியும் இருக்காது என்பதை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பலர் அதற்குப் பயந்துகொண்டு, ஆனால் வாய்விட்டுக் கேட்காமல், முதல் நாள் மேசையில் படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

‘சி.டி.ஆர்.டி.’ என்பது கீமோதெரபியும் ரேடியோதெரபியும் ஒரே காலத்தில் நடப்பதைக் குறிக்கும். சில மருத்துவமனைகளில் இதையே ‘சி.சி.ஆர்.டி.’ என்று எழுதுவார்கள். இந்த நோய்க்கு வழக்கமாக வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை ரத்த நாளத்தின் வழியே செலுத்துவார்கள். 25 தவணை முடிந்ததும் ‘ஐ.சி.ஆர்.டி.’ என்று ஒரு புதிய சுருக்கம் கோப்பில் தோன்றும். கருப்பைக்குள்ளேயே சிறு குழாய் வைத்து, உள்ளிருந்து கதிர் கொடுக்கும் முறை அது. வெளியிலிருந்து வைக்கும் கதிர் முடிந்தவுடன் சிகிச்சையே முடிந்துவிட்டது என்று கருதி ஊர் திரும்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த உட்கதிர் இல்லாமல் இந்த நோய்க்கான சிகிச்சை அரைகுறையானதே.

இனி, ‘11 பி’. அது பதினொன்று அன்று. ரோமானிய எண்முறையில் எழுதிய இரண்டு. இரண்டு செங்குத்துக் கோடுகளை அவசரத்தில் எழுதினால் பதினொன்றாகத்தான் தெரியும். நோயின் நிலைகள் ஒன்று முதல் நான்கு வரை மட்டுமே. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ‘இரண்டு பி’ என்றால், நோய் கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்திலுள்ள தசைநார்ப் பகுதிக்குச் சென்றிருக்கிறது, ஆனால் இடுப்பெலும்புச் சுவரை எட்டவில்லை என்று பொருள். குணப்படுத்தும் நோக்கத்துடன் சிகிச்சை கொடுக்கக்கூடிய நிலை இது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிக்கதிரும் உட்கதிரும் சேர்ந்து ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் இழுத்துக்கொண்டே போனால் சிகிச்சையின் பலன் குறையும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவை முடித்துவிட்டு அடுத்த வாரம் வருகிறோம் என்று நடுவில் நின்றுவிடும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்த்தவன் நான். ‘25#’ என்பதைப் படிக்கத் தெரிந்தால், ஐந்து வாரத்துக்கு யார் அம்மாவுடன் பேருந்தில் போவது, வயலை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: அடிவயிற்று வலிக்காக என் மனைவிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அறிக்கையில் ஓர் இடத்தில் ‘சி.ஏ. 125: 62’ என்றும், இன்னோர் இடத்தில் ‘எஸ். சி.ஏ.: 9.2’ என்றும் இருக்கிறது. ‘சி.ஏ.’ என்றால் புற்றுநோய் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா சொன்னார். இரண்டு புற்றுநோய்கள் இருக்கின்றனவா?
– வாசகர், திருவையாறு

பதில்: இந்த அறிக்கையை மட்டும் வைத்து ஒரு புற்றுநோய் இருப்பதாகக்கூடச் சொல்ல முடியாது, ஐயா. மருத்துவர் தம் கைப்பட நோயின் பெயராக எழுதும்போது ‘சி.ஏ.’ என்பது கார்சினோமா என்பதன் முதல் இரண்டு எழுத்துகள். நண்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது; கட்டியும் அதைச் சுற்றிப் புடைத்த ரத்த நாளங்களும் நண்டும் கால்களுமாகப் பழைய கிரேக்க மருத்துவர்களுக்குத் தெரிந்தன. நம்மவர்களுக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு வளரும் புற்று நினைவுக்கு வந்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘எஸ். சி.ஏ.’ என்றிருப்பது சீரம் கால்சியம், அதாவது ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து. 9.2 என்பது முற்றிலும் இயல்பான அளவு. ‘சி.ஏ. 125’ என்பது ஒரு புரதத்தின் பெயர். 35 வரை இயல்பு என்று கொள்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோயில் இது உயர்வது உண்மை. ஆனால் மாதவிடாய் நாட்களிலும், கர்ப்ப காலத்திலும், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களுக்கும், வயிற்றுக் காசநோய் உள்ளவர்களுக்கும்கூட உயரும். ஆகவே 62 என்ற எண்ணை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் புற்றுநோய் என்று சொல்லமாட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் சில வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுப்பார். அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் தகப்பனாருக்கு வாயில் புற்றுநோய். கோப்பின் முதல் பக்கத்தில் ‘சி.ஏ. ஆர்.டி. பி.எம்.’ என்றும், திட்டம் என்ற இடத்தில் ‘எஸ்.எக்ஸ்., பிறகு ஆர்.டி.’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் நர்ஸ் எழுதும் தாளில் ‘ஆர்.டி. ஃபீட் 200 மி.லி., இரண்டு மணிக்கு ஒருமுறை’ என்று இருந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை கரண்ட் வைத்தால் தாங்குவாரா என்று வார்டில் சண்டை போட்டுவிட்டேன். ‘பி.எம்.’ என்றால் எலும்பு மஜ்ஜை என்று சித்தப்பா மகன் வேறு சொல்கிறான்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஒரே கோப்பில் ‘ஆர்.டி.’ மூன்று முறை வந்திருக்கிறது, மூன்றும் மூன்று பொருள். நீங்கள் சண்டை போட்டதற்கு நியாயம் உண்டு. அப்படி எழுதுகிற நாங்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

முதல் பக்கத்திலுள்ள ‘ஆர்.டி.’ வலப்பக்கம் என்பதைக் குறிக்கிறது. அதையடுத்த ‘பி.எம்.’ கன்னத்தின் உட்புறச் சவ்வு. எலும்பு மஜ்ஜைக்கும் இதே இரண்டு எழுத்துகளைத்தான் போடுகிறோம், ஆனால் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில். எலும்பு மஜ்ஜைக்கு வலம் இடம் போடுகிற வழக்கம் நோயின் பெயரில் இல்லை என்பதே சித்தப்பா மகனுக்குச் சொல்ல வேண்டிய பதில். திட்டம் என்ற இடத்திலுள்ள ‘ஆர்.டி.’ ரேடியோதெரபி, அதாவது கரண்ட். அறுவைக் காயம் ஆறிய பிறகு, சில வாரங்கள் கழித்துத் தொடங்குவார்கள். அதற்கு முன்னுள்ள ‘எஸ்.எக்ஸ்.’ அறுவை சிகிச்சை. ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் போட்டு ‘எக்ஸ்’ சேர்ப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்: ‘பி.எக்ஸ்.’ என்றால் சதைத் துணுக்குப் பரிசோதனை, ‘டி.எக்ஸ்.’ என்றால் எழுதுபவரைப் பொறுத்து நோயின் பெயராகவும் இருக்கும், சிகிச்சையாகவும் இருக்கும். ஆங்கிலத்தில் வேறு வேறாக உள்ள எழுத்துகள் தமிழில் சொல்லும்போது ஒன்றாகவே ஒலிக்கின்றன.

நர்ஸ் தாளிலுள்ள ‘ஆர்.டி.’ ரைல்ஸ் டியூப். ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் வழங்கும் மெல்லிய குழாய் அது. மூக்கு வழியாக வயிற்றுக்குள் செலுத்தி, வாயிலுள்ள தையல் ஆறும்வரை கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர் முதலியவற்றை அதன் வழியே கொடுப்பார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை 200 மில்லி லிட்டர் கொடுக்கச் சொன்னது உணவை.

இதில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். எழுத்தைப் பார்ப்பதற்கு முன் அது எந்தத் தாளில், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் பக்கத்தின் மேற்பகுதியில் இருந்தால் நோயின் பெயர். திட்டம் என்ற தலைப்பின் கீழ் இருந்தால் இனி நடக்கப்போவது. நர்ஸ் தாளில் இருந்தால் அன்றாடப் பராமரிப்பு. ஆய்வகத் தாளில் இருந்தால் அளந்து பார்த்த ஒன்று. ‘பி.ஆர்.’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் தாளில் அது நாடித்துடிப்பு. மருத்துவர் உடலைச் சோதித்து எழுதும் பக்கத்தில் ஆசனவாய் வழிச் சோதனை. மார்பகப் புற்றுநோயின் திசு அறிக்கையில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் ஏற்பி. கீமோ மூன்று சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனைப் பற்றிய குறிப்பில், கட்டி ஓரளவு சுருங்கியிருக்கிறது என்ற நல்ல செய்தி. இணையத்தில் அந்த இரண்டு எழுத்துகளை மட்டும் தட்டினால் நான்கும் கலந்து வரும், கூடவே மக்கள் தொடர்பு அலுவலரும் வருவார்.

நானும் இதில் தவறியவன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் தாளில் ‘சி.டி., அடுத்த வாரம்’ என்று எழுதினேன். நான் எழுதியது கீமோதெரபி. அந்தக் குடும்பத்தார், மாட்டை விற்ற பணத்தில், வெளியே ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அன்று தொடங்கி, ஓய்வு பெறும்வரை, ‘கீமோ’ என்பதை நான் சுருக்கியதே இல்லை.

உங்கள் தகப்பனார் வெற்றிலை போடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. கொடிக்கால்கள் நிறைந்த நம் வட்டாரத்தில் வெற்றிலையைக் குறைகூறினால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. மெல்லுவதை அவர் மீண்டும் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். முதலில் கீமோ கொடுத்து, பிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். திசு அறிக்கையில் ‘ஒய்.பி.டி.2 என்1’, ‘எல்.என். 2/14’, ‘கிரேடு 3’, ‘ஹெர்2: 2+’ என்றெல்லாம் எழுதி, கடைசியில் ‘ஃபிஷ் செய்யவும்’ என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மீனால் ஏதோ கெடுதல் என்று எண்ணி அக்கா வீட்டில் மீன் சமைப்பதையே நிறுத்திவிட்டோம். மூன்றாம் நிலை என்றால் காப்பாற்றலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அக்காவுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுங்கள். கீமோவும் அறுவையும் கடந்து வந்தவருக்குப் புரதச் சத்து அவசியம். அறிக்கையிலுள்ள ஃபிஷ், ஒரு மரபணுப் பரிசோதனையின் ஆங்கிலப் பெயரிலுள்ள நான்கு முதலெழுத்துகள் தற்செயலாக மீனானது. ஒளிரும் சாயம் பூசிய நுண்ணிய துணுக்குகளைக் கட்டியின் உயிரணுக்களில் ஒட்டவிட்டு, ஒரு குறிப்பிட்ட மரபணு எத்தனை பிரதிகளாக இருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். அக்காவின் விஷயத்தில் எண்ணப்போவது ‘ஹெர்2’ மரபணுவை. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் உயிரணுவின் மேல் எவ்வளவு இருக்கிறது என்பதற்குச் சாயச் சோதனையில் 0 முதல் 3+ வரை மதிப்பெண் போடுவார்கள். 0, 1+ என்றால் இல்லை என்றும், 3+ என்றால் உண்டு என்றும் முடிவு செய்வார்கள். 2+ என்பது இரண்டுங்கெட்டான். அதனால்தான் மரபணுவையே எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். உண்டு என்று வந்தால் டிராஸ்டுசுமாப் போன்ற, அந்தப் புரதத்தையே குறிவைக்கும் மருந்துகள் பயன்படும். இல்லை என்று வந்தால் அவை தேவையில்லை. விலையுயர்ந்த மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை இந்த ஒரு சோதனை தீர்மானிப்பதால், இதற்கு ஆகும் செலவையும் நாட்களையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கிரேடு 3 என்பது மூன்றாம் நிலை அன்று. இதைப் பெரிய எழுத்தில் அச்சிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன், அவ்வளவு பேர் இதில் தவறிப்போகிறார்கள். கிரேடு என்பது உயிரணுக்களின் குணம். நுண்ணோக்கியில் அவை இயல்பான உயிரணுக்களிலிருந்து எவ்வளவு மாறுபட்டு, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதற்கு ஒன்று முதல் மூன்று வரை போடும் தரம். நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பது. மிகச் சிறிய, தொடக்க நிலைக் கட்டியும் கிரேடு 3 ஆக இருக்கலாம்.

எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதைச் சொல்வது ‘டி.என்.எம்.’ முறை. பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் பியேர் தெனுவா 1943க்கும் 1952க்கும் இடையில் இதை வகுத்தார். ‘டி’ கட்டி, ‘என்’ நெறிக்கட்டிகள் எனப்படும் நிணநீர் முடிச்சுகள், ‘எம்’ தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியது. மார்பகத்தில் ‘டி2’ என்றால் கட்டி 2 செ.மீ.க்கு மேல், 5 செ.மீ.க்குள். அதற்கு முன்னே நிற்கும் ‘பி’, அறுத்தெடுத்த திசுவைச் சோதித்து எழுதியது என்பதைக் காட்டும். ‘ஒய்’, மருந்து கொடுத்த பிறகு அளந்தது என்பதைக் காட்டும். ஆகவே கீமோவுக்கு முன் எழுதிய தாளில் ‘டி3’ என்று இருந்திருந்தால், இரண்டும் முரண்படவில்லை, கட்டி சுருங்கியிருக்கிறது. ‘எல்.என். 2/14’ தேதி அன்று. அக்குளில் 14 முடிச்சுகளை எடுத்தார்கள், அவற்றில் இரண்டில் நோய் இருந்தது. ஒன்று முதல் மூன்று முடிச்சு வரை இருந்தால் ‘என்1’ என்று எழுதுவது வழக்கம்.

‘எம்’ எங்கே என்று நீங்கள் தேடியிருக்கலாம். திசுவை ஆராயும் மருத்துவர் தம் மேசைக்கு வந்த திசுவை மட்டுமே பார்க்கிறார். கல்லீரலிலோ நுரையீரலிலோ என்ன இருக்கிறது என்று அவரால் எழுத முடியாது. அது ஸ்கேன் தாளில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து நிலையைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர். ஆதலால் காப்பாற்றலாமா என்ற உங்கள் கேள்வியை, இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு, அவரிடமே கேளுங்கள். ஒரு தாளை மட்டும் வைத்து நான் சொன்னால் அது பொறுப்பற்ற பதிலாகிவிடும்.

கேள்வி: என் சித்திக்கு வலிக்காக மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சீட்டில் ஒரு வரியில் ‘10 மி.கி., க்யூ4எச்’ என்றும், அடுத்த வரியில் அதே மாத்திரைக்கு ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றும் உள்ளது. எஸ்.ஓ.எஸ். என்றால் கப்பல் மூழ்கும்போது கொடுக்கும் அபாய அறிவிப்பு என்று படித்திருக்கிறேன். உயிர் போகும் நிலையில்தான் அதைக் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: அது கப்பலுக்கு உரியது, ஐயா. மருந்துச் சீட்டிலுள்ள ‘எஸ்.ஓ.எஸ்.’ இலத்தீன் சொற்றொடர் ஒன்றின் சுருக்கம். தேவைப்பட்டால் என்று பொருள். ‘க்யூ4எச்’ என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த இரண்டு வரிக்கும் உள்ள வேறுபாடுதான் சித்தியின் வலி தணிவதற்கும் தணியாததற்கும் உள்ள வேறுபாடு. முதல் வரியிலுள்ளதை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுத்தால் அது வேலை செய்வதற்குள் அவர் துடித்துப்போவார். இரண்டாம் வரியிலுள்ளது, இரு வேளைகளுக்கு நடுவில் வலி மீறி வந்தால் கூடுதலாகக் கொடுப்பது. ஒரு நாளில் எத்தனை முறை அந்தக் கூடுதல் மாத்திரை தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்; அடுத்தமுறை அளவை மாற்ற மருத்துவருக்கு அதுவே ஆதாரம். அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

மார்ஃபினுடன் ‘எச்.எஸ்.’ என்று ஒரு மாத்திரை எழுதியிருப்பார்கள். படுக்கப்போகும்போது என்று பொருள். பெரும்பாலும் அது மலச்சிக்கலுக்கான மருந்து. மார்ஃபின் எடுப்பவருக்கு அதை நிறுத்தக்கூடாது. ‘ஓ.டி.’ நாளுக்கு ஒருமுறை, ‘பி.டி.’ இருமுறை, ‘டி.டி.எஸ்.’ மும்முறை.

சுருக்கங்களில் என்னை மிகவும் அஞ்சவைப்பது மெத்தோடிரெக்சேட் என்ற மாத்திரையின் சீட்டு. சில நோய்களுக்கு அதை வாரத்தில் ஒரே நாள் மட்டும் கொடுப்பார்கள். அதைத் தினமும் என்று தவறாகப் படித்து விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அந்தச் சீட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால், எந்தக் கிழமை என்று தமிழில் எழுதி வாங்காமல் மருந்தகத்தை விட்டு நகராதீர்கள். மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியிருக்கிறது. ஆகவே எழுதித் தரச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

கேள்வி: தம்பியின் சீட்டில் ‘? சி.ஏ. லங்’ என்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள்.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: முன்னால் உள்ள கேள்விக்குறியையும் சேர்த்துப் படியுங்கள். நுரையீரல் புற்றுநோயாக இருக்குமோ என்ற ஐயம் என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் இல்லை. காசநோயும் எக்ஸ்ரேயில் அதே போல் தெரிவதுண்டு. ‘ஆர்/ஓ’ என்று எழுதியிருந்தாலும், அது இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளவும் என்றுதான் பொருள். சளிப் பரிசோதனையும் சதைத் துணுக்குப் பரிசோதனையும் முடியும்வரை நோயின் பெயர் முடிவாகவில்லை.

கேள்வி: சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் ‘என்.இ.டி.’ என்று எழுதுகிறார்கள். குணமாகிவிட்டது என்று ஏன் எழுதுவதில்லை? பழைய கோப்பின் நகலைக் கேட்டால் தருவார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நோய் இருப்பதற்கான அறிகுறி இன்று தென்படவில்லை என்பதே ‘என்.இ.டி.’. இது கேட்கக் கூடிய செய்திகளில் மிக நல்லது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத சில உயிரணுக்கள் எங்கேனும் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மருத்துவர்கள் குணமானது என்ற சொல்லைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கிறார்கள். வருவதை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ‘எல்.எஃப்.யு.’ என்று எழுதிக் கோப்பை அடுக்கில் வைத்துவிடுவார்கள். தொடர்பு விட்டுப்போனவர் என்று அதற்குப் பொருள்.

நகல் தருவார்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி: என் அப்பா கடைமடையில் விவசாயம் பார்த்தவர், ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். சென்ற வாரம் அவருடைய தாளில் ‘இ.சி.ஓ.ஜி. பி.எஸ். 3’ என்றும், கீழே ‘பி.எஸ்.சி.’ என்றும் எழுதினார்கள். யாருடைய பட்டத்தையோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன். அந்த இளம் மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அது?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அவர் சொல்லியிருக்க வேண்டியதை நான் எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ‘பி.எஸ். 3’ என்பது நோயின் மூன்றாம் நிலையைக் குறிப்பதன்று. உங்கள் அப்பா எவ்வளவு நடமாடுகிறார் என்பதற்கான அளவு; ‘இ.சி.ஓ.ஜி.’ அதை வகுத்த அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் குழுவின் சுருக்கம். 0 என்றால் முன்போலவே எல்லா வேலையும் செய்கிறார். 3 என்றால் தம் வேலைகளை ஓரளவே தாமே செய்துகொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிக்கிறார். அந்த நிலையில் கடுமையான கீமோ கொடுத்தால் பலனைவிடத் துன்பமே மிகுதியாக இருக்கும்.

அதனால்தான் கீழே ‘பி.எஸ்.சி.’ என்று எழுதியிருக்கிறார்கள். இனி நோயைக் குறிவைத்து மருந்து கொடுப்பதில்லை, வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிப்பதையே சிகிச்சையாகக் கொள்கிறோம் என்று அதற்குப் பொருள். வைத்தியத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியன்று, செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதைச் செய்யும் ஆட்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புப் பராமரிப்பு செய்வதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

அந்த இளம் மருத்துவரிடம் மறுபடியும் போங்கள். இந்தமுறை மூன்றைக் கேளுங்கள்: எந்த வலிக்கு எந்த மாத்திரையை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது, இரவில் மூச்சுத்திணறினால் யாருக்குப் போன் செய்வது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் எங்கே சேர்ப்பது. மூன்றுக்கும் உள்ள பதிலைச் சுருக்கமில்லாமல், தமிழில் எழுதி வாங்கி, அப்பா படுத்திருக்கும் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவர் என்கிறீர்கள், அவரே படித்துக்கொள்வார்.